ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றி அறிவியல் மன்றத்தில் பேசுவது எப்படி?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் மன்றக் கூட்டத்துக்காக ஓர் எழுத்தாளரைப் பற்றிப் பேசத் தயாராகும் ஆசிரியர்களும் மேல்நிலை வகுப்பு மாணவர்களும் பெரும்பாலும் பிறந்த ஊர், படிப்பு, நூல்கள், விருதுகள், மறைவு என்ற வரிசையிலேயே குறிப்பெடுக்கிறார்கள். அறிவியல் புனைகதை எழுதியவர்களுக்கு அந்த வரிசை பொருந்துவதில்லை. அவரை வாழ்நாள் முழுவதும் விடாமல் பிடித்திருந்த ஒரு கருத்தைத் தேடி எடுத்து, அதன் வழியே வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை எழுத்தாளரான கிளார்க்கைப் பொறுத்தவரை அந்தக் கருத்து, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சுற்றுப்பாதை. அங்கே செயற்கைக்கோள் பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும்.

பேச்சைத் தொடங்கும் முன் மாணவர்களைப் பள்ளி மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். சுற்றியுள்ள வீடுகளின் டி.டி.எச். டிஷ்கள் தெற்கும் தென்கிழக்குமாகவே திரும்பியிருக்கும். வடக்கு பார்த்த டிஷ் ஒன்றுகூட இராது. வேலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 டிகிரியில் இருப்பதால், அந்தக் கோட்டின் மேல் நிற்கும் செயற்கைக்கோளைப் பார்க்க நாம் தெற்கே திரும்பியாக வேண்டும். பிறகு வகுப்பறைக்கு வந்து, 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கால்பந்தைப் பூமியாக வைத்துக்கொண்டு, அதன் நடுக்கோட்டிலிருந்து 62 சென்டிமீட்டர் நூலை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நூலின் நுனிதான் அந்தச் செயற்கைக்கோள் நிற்கும் இடம். இதே அளவில் சர்வதேச விண்வெளி நிலையம் பந்தின் தோலிலிருந்து 7 மில்லிமீட்டர் தூரத்திலேயே பறக்கிறது என்று சொல்லும்போது, உயரத்தின் வேறுபாடு கடைசி பெஞ்சுக்கும் புரியும். சமமான இடைவெளியில் மூன்று மாணவர்கள் மூன்று நூல்களைப் பிடித்தால், துருவப் பகுதிகளைத் தவிர ஏறத்தாழ உலகம் முழுவதும் அவர்களின் பார்வைக்குள் வந்துவிடும். 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் கிளார்க் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்.

அப்போது அவருக்கு வயது 27. இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் 1917-இல் பிறந்தவர்; போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில், பார்வை மறைக்கும் வானிலையிலும் விமானங்களைத் தரையிலிருந்து வழிகாட்டி இறக்கும் ராடாரில் வேலை பார்த்தவர். இளமைக்காலத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் கட்டுரையைப் பற்றிப் பேசும்போது கவனம் தேவை. "செயற்கைக்கோளைக் கண்டுபிடித்தவர் கிளார்க்" என்று மேடைகளில் சொல்வது வழக்கமாகிவிட்டது, அது தவறு. அந்தச் சுற்றுப்பாதையைப் பற்றி ஹெர்மன் பொட்டோச்னிக் என்ற பொறியாளர் 1928-லேயே எழுதியிருக்கிறார். அங்கே மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுமைக்கும் ஒலிபரப்பலாம் என்று கணக்கோடு காட்டியதுதான் கிளார்க்கின் பங்கு, அதுவே பெரிய பங்கு. அந்த நிலையங்களில் மனிதர்கள் குடியிருந்து பராமரிப்பார்கள் என்று அவர் எண்ணியிருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1964-இல் சின்காம்-3 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் ஆளில்லாமலேயே அந்தப் பாதையில் நின்றது.

1956-இல் அவர் இலங்கையில் குடியேறியதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் நம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான். அவரை அங்கே இழுத்தது கடல். நீருக்குள் மூழ்கும்போது உடல் எடை தெரியாமல் மிதக்கும் அனுபவம் விண்வெளிக்கு மிக நெருக்கமானது என்று அவர் கருதினார். அந்த ஆண்டிலேயே அவரும் அவருடன் கடலில் மூழ்கிவந்த நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில், சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கடலடியில் கண்டார்கள். போர்த்துகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோயில் அது. தேவாரம் படித்த மாணவர் ஒருவரை அந்தப் பதிகத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லவைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து 1975-க்குத் தாண்டிவிடலாம். ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் மூலம் ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு இந்தியா ஓராண்டு கல்வி ஒளிபரப்பு நடத்தியபோது, இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்புக்குச் சென்று கிளார்க்கின் வீட்டிலும் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் கணக்குப் போட்ட உயரத்திலிருந்து வந்த படத்தை அவர் தம் வீட்டிலேயே பார்த்தார். இந்த நிகழ்ச்சியை அவசரப்படாமல் சொல்லுங்கள்.

நாவல்களில் 1979-இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' ஒன்றை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்ளுங்கள். மலையுச்சியிலிருந்து அதே சுற்றுப்பாதைக்கு மின்தூக்கி அமைக்கும் கதை அது. அடித்தளம் நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் இலங்கைத் தீவையே கதையில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். நூல் பிடித்த மாணவரை மறுபடி அழைத்து, அந்த நூல்தான் மின்தூக்கி என்று காட்டினால் விளக்கமே தேவைப்படாது. இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்குடன் எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற 1968 திரைப்படத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். அதைத் தொடங்கினால் பேச்சுக்கான அரைமணி நேரத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஆர்வமுள்ள மாணவர்களுக்கு 1973-இல் வெளியான 'ரான்டேவூ வித் ராமா'வின் முதல் சில அத்தியாயங்களைக் கொடுத்துவிட்டு, ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கதையில் வரும் அன்னியக் கலத்தை முதலில் சிறுகோள் என்றே நினைக்கிறார்கள். காவலூரில் 1988-இல் கண்டுபிடித்த 4130 என்ற உண்மையான சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். நகரும் ஒரு புள்ளியை நட்சத்திரங்களுக்கு நடுவே எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்ற கேள்வியை மாணவர்கள் வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.