தொட்டியில் தும்பை

நர்சரியில் தும்பை நாற்றைத் தேடி அலைய வேண்டாம். விதையை நாமே எடுத்துக்கொள்ளலாம். வரப்போரத்திலோ காலி மனையிலோ, களைக்கொல்லி அடிக்காத இடத்துச் செடியாகப் பாருங்கள். தண்டு நாலு பட்டையாக இருக்கும். கணுவுக்குக் கணு வெள்ளைப் பூக்கொத்து சுற்றியிருக்கும். பூ தலைகுனிந்து நின்றால் அது கவிழ்தும்பை, வேறு செடி.

கொத்துகள் அடியிலிருந்து மேலாகக் காய்ந்து வரும். பழுப்பேறியதை மட்டும் ஒடித்து, வெள்ளைத் தாளின் மேல் தலைகீழாகத் தட்டுங்கள். பூவை அடியில் தாங்கியிருந்த ஒவ்வொரு புல்லிக் கிண்ணத்திலும் நான்கு விதை வரை இருக்கும். பச்சைக் கொத்து விதை முற்றியிருக்காது. நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள்.

விதைக்கத் தோதான காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். 10 அங்குலத் தொட்டிக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, இலைமக்கு ஒரு கைப்பிடி போதும். எருவை அள்ளிப் போட்டால் இலையாகவே தழைத்து, நெட்டையாகிச் சாயும், பூ குறையும். தும்பை கெடுவது பெரும்பாலும் கவனிப்பு மிகுந்துதான்.

ஒரு சிட்டிகை விதையை இரண்டு கைப்பிடி மணலில் கலந்து மேலாகத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். மண் போட்டு மூடாதீர்கள். ஆழத்தில் போன பொடி விதை மேலே வராது. முளைக்கும்வரை தெளிப்பான்தான், பூவாளி ஊற்றினால் விதை ஓரத்தில் ஒதுங்கிவிடும். மொட்டைமாடியில் எறும்பு இழுத்துப் போவதும் உண்டு. நான்கு இலை விட்டதும் தொட்டிக்கு இரண்டு செடி விட்டு மற்றதைக் கலைத்துவிடுங்கள். தரையில் என்றால் ஓரடி இடைவெளி.

ஆறு மணி நேர வெயில் வேண்டும். வேர் பிடித்த பிறகு, மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்தால்தான் தண்ணீர். தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும். மண் ஈரமாயிருந்தும் செடி வாடினால் காரணம் அதுதான். அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுக் கொத்து பெருகும்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், அதுவும் பொழுது சாய்ந்த பின். பகலில் தேனீ வரும்: கீழிதழில் அமர்ந்து தலையை நுழைக்கும்போது, மேலிதழின் பஞ்சு முக்காட்டுக்குள் இருக்கும் மகரந்தம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்த செடியை உடனே பிடுங்காதீர்கள். கடைசிக் கொத்துகள் அங்கேயே உதிர்ந்தால், அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும்.