எல்லா நகர்வுக்கும் ஒரே 7 வினாடி: செஸ்ஸில் எஞ்சின் வைத்து ஏமாற்றியவரைப் பிடித்த கதை

ஆன்லைன் செஸ்ஸில், 10 நிமிட ஆட்டங்களில் ஒரே ஆளிடம் தொடர்ந்து நான்கு முறை தோற்றேன். தோற்றது பரவாயில்லை, ஆனால் என் குதிரை வெட்டியதைத் திருப்பி வெட்டுவதற்கும், சிக்கலான நடு ஆட்டத்தில் ராணியையே பலி கொடுப்பதற்கும் அவர் எடுத்துக்கொண்டது ஒரே 6, 7 வினாடிதான். மனிதர் அப்படி ஆட மாட்டார். வேறு வழியில்லாத நகர்வை நொடியில் ஆடுவோம், குழப்பமான இடத்தில் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்துவிடுவோம்.

எஞ்சினை, அதாவது சிறந்த நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் நிரலை, பார்த்து ஆடுகிறாரோ என்று சந்தேகம் வந்தது. சரி என்று அவருடைய கடைசி 20 ஆட்டங்களை ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் ஓட்டினேன். ஒரே ஆட்டத்தின் துல்லியத்தை (எஞ்சினின் தேர்வுக்கு எவ்வளவு நெருக்கமாக ஆடினார் என்ற சதவீதத்தை) வைத்து யாரையும் சந்தேகப்படக் கூடாது, எதிராளி சீக்கிரம் சரிந்தால் நமக்கே 95 சதவீதம் வரும். அதனால் மனப்பாட ஓப்பனிங்கையும், ஏற்கெனவே ஜெயித்துவிட்ட நிலைகளையும் கழித்துவிட்டு மீதியைப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே எஞ்சினின் முதல் தேர்வு. 1500 ரேட்டிங்கில், அதாவது நடுத்தர ஆட்டக்காரர் மட்டத்தில், இது நடக்காது.

அரட்டையில் அவரைத் திட்டவில்லை, திட்டினால் உஷாராகிவிடுவார், தப்பாக இருந்தால் ஒருவரை அநியாயமாகக் காயப்படுத்தியதாகும். ஆட்டங்களின் இணைப்பு, நகர்வு நேரங்கள் இரண்டையும் வைத்துத் தளத்துக்குப் புகார் அனுப்பினேன், அப்புறம் அவரை பிளாக் செய்தேன். ஐந்தாம் நாள் அவருடைய கணக்கை மூடிவிட்டார்கள், நான் இழந்த ரேட்டிங் புள்ளிகளும் திரும்பி வந்தன.