ஒரு கறி போதும்: எப்போதாவது சமைக்கிறவர்களுக்கு

கொழும்பில் அறை எடுத்து இருக்கிறவர்களிடம் ஏன் சமைப்பதில்லை என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள். நேரம் பாதிக் காரணம்தான். சமையல் என்றதும் வீட்டில் அம்மா வைக்கிற சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, மீன் குழம்பு, சம்பல், பொரியல், அப்பளம் எல்லாம் கண்முன்னே வந்து நின்றுவிடுகிறது. வேலை முடிந்து பஸ்ஸில் நசுங்கி ஏழு மணிக்குச் சந்தியில் இறங்குகிறவருக்கு அதை நினைத்தாலே களைப்பு. உடனே கடையில் ஒரு கொத்து றொட்டி, இல்லாவிட்டால் ஒரு சோற்றுப் பார்சல். இப்படியே போனால் மாதக் கடைசியில் கையில் காசும் இருக்காது, வயிறும் சரியாக இருக்காது.

அந்தப் பட்டியலை விட்டுவிடுங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு கறி போதும். கறியோடு சாப்பிடுகிற சோறோ பாணோ இடியப்பமோ, அதையும் நீங்களேதான் செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இடியப்பம் பிழிவதும் றொட்டி தட்டுவதும் கை பழகவேண்டிய வேலைகள், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பின்னேரமானால் அவித்து அடுக்கி வைத்து விற்கிறார்கள், அதை வாங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை. பாண் என்றால் இன்னும் சுலபம், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் த்ரீவீல் ஒழுங்கைக்குள்ளேயே வந்துவிடும். கடையில் கறிகளையும் இறைச்சியையும் சேர்க்கும்போதுதான் பில் ஏறுகிறது. ஆகவே கைவேலை அதிகமுள்ளதை வாங்குங்கள், கறியை மட்டும் நீங்கள் வையுங்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று, மூடியுள்ள நடுத்தரத் தாச்சி ஒன்று, ஒரு சட்டி, ஒரு பலகை, ஒரு நல்ல கத்தி. கத்தியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், மொட்டைக் கத்தி வெங்காயத்தில் வழுக்கி விரலில் இறங்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் காஸும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் இருந்தவர்கள் இரண்டில் எதையும் முழுதாக நம்பமாட்டார்கள். அதனால் சோற்றுக்குக் கரண்ட், கறிக்குக் காஸ் என்று பிரித்து வைப்பது நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்பதால் நேரமும் மிச்சம்.

சாமான் வாங்குவதற்கு முன் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று ஒருமுறை யோசியுங்கள். வெள்ளவத்தைப் பக்கம் அறை தேடி அலைந்தவர்களுக்கு இது தெரியும், மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கக்கூடாது என்று சொல்லித்தான் சில இடங்களில் சாவியே கொடுப்பார்கள். அப்படியானால் கருவாடு பொரிக்கிற ஆசையை ஊருக்குப் போகும்வரை தள்ளி வையுங்கள், அந்த மணம் மூன்று மாடிக்குக் கேட்காமலே செய்தி சொல்லிவிடும்.

குசினியில் எப்போதும் இருக்கவேண்டியவை: அரிசி, மைசூர்ப் பருப்பு, முட்டை, பெரிய வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், செத்தல் மிளகாய், தேசிக்காய், மஞ்சள், கடுகு, உப்பு, எண்ணெய், பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் மா, இரண்டு டின்மீன். கறித்தூள் ஊரிலிருந்து வந்தால் நல்லது, வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள் ஒரு போத்தல் இருந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. மற்றதெல்லாம் அரசாங்கக் கடையான சதொசவிலோ பக்கத்துக் கடையிலோ சின்னச் சின்னப் பைக்கற்றாக வாங்குங்கள். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது சரிதான், ஆனால் அது குடும்பத்துக்கு. தனி ஆள் ஐந்து கிலோ வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பாதியை மழைக்காலத்தில் அழுக விட்டால் என்ன லாபம்?

முதலில் சோறு. குக்கரோடு வரும் அளவுக் கோப்பை பெரும்பாலும் 180 மில்லிலீற்றர். ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துக்கு அதில் முக்கால் கோப்பை அரிசி தாராளம். சம்பாவுக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், சிவப்பரிசிக்கு இன்னும் அரைக் கோப்பை கூட. நாட்டரிசியில் கல் இருக்கலாம், கழுவும்போது பார்த்துக்கொள்ளுங்கள். குக்கர் சுவிட்ச் மேலே தட்டியதும் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள், அந்தப் பத்து நிமிடத்தில்தான் சோறு ஒட்டாமல் வரும். குக்கரோடு ஆவித் தட்டு வந்திருந்தால் கழுவிய முட்டை இரண்டை அதில் வையுங்கள், சோறு வேகும்போதே அவையும் அவிந்துவிடும்.

இனிப் பருப்பு. எதையும் சமைக்கத் தெரியாதவர் ஒன்றே ஒன்று படிப்பதானால் இதைப் படிக்கலாம், ஏனென்றால் சோறு, பாண், இடியப்பம், றொட்டி நாலுக்கும் இது போகும். ஒரு கோப்பை மைசூர்ப் பருப்பை மூன்று நாலு தண்ணீரில் கழுவுங்கள், கலங்கல் குறையும் வரை. மூன்று கோப்பைத் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்து, அரைத் தேக்கரண்டி மஞ்சள், நீளமாக வெட்டிய பாதி வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், தட்டிய உள்ளி இரண்டு பல்லு போடுங்கள். கொதி வந்ததும் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பெல்லாம் வழியும், அதனால் மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்து நெருப்பைக் குறையுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் பருப்பின் செம்மஞ்சள் நிறம் போய் மஞ்சளாகி, அகப்பையால் அமர்த்தினால் கரையும். அதுதான் பதம். உப்பை இப்போது போடுங்கள்.

தேங்காய்ப்பால் விடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு வேண்டிய பங்கை இப்போதே வேறு பாத்திரத்தில் எடுத்து, ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த கறி கொழும்பு வெக்கைக்கு நிற்காது, பால் சேராத பருப்பு அதைவிடக் கொஞ்சம் தாங்கும், நாளைக்குச் சூடாக்கும்போது புதிதாகப் பால் விட்டால் புதுக்கறி மாதிரியே இருக்கும். இன்றைய பங்குக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் மாவை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, ஒரு கொதி வரும்போதே இறக்குங்கள்.

தாளிதம் போடாவிட்டாலும் சாப்பிடலாம், ஆனால் போட்டால் அது வேறு கறி. தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். பேசாமல் கிடந்தால் எண்ணெய் காயவில்லை, பொறுங்கள். வெடித்தால் மிச்சக் கடுகு, பிறகு மெல்லியதாக வெட்டிய வெங்காயம், கிள்ளிய செத்தல் மிளகாய் இரண்டு, கடைசியாகக் கறிவேப்பிலை. கறிவேப்பிலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக்கூடாது, இருந்தால் எண்ணெய் முகத்துக்கே தெறிக்கும். வெங்காய ஓரம் பொன்னிறமானதும் அப்படியே பருப்புக்குள் கொட்டி உடனே மூடிவிடுங்கள். மரக்கறிக்காரரிடம் கறிவேப்பிலையும் ரம்பை இலையும் ஒரு கட்டாக வாங்கினால், தண்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தி வைத்தே இரண்டு மூன்று நாள் ஓட்டலாம்.

அடுப்பே பற்றவைக்க மனமில்லாத நாளுக்கு டின்மீன் சம்பல். டின்னுக்குள் இருக்கும் மீன் ஏற்கெனவே அவிந்ததுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரிய டின் 425 கிராம், சின்னது 155 கிராம். தனி ஆளுக்குச் சின்னதே போதும். தண்ணீரை வடித்து, மீனைக் கையால் பிய்த்து, நடுமுள்ளு பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். அது மெத்தென்றுதான் இருக்கும், சாப்பிட்டாலும் நல்லதுதான். பொடியாக வெட்டிய வெங்காயத்தை உப்போடு சேர்த்து விரலால் நன்றாகப் பிசைந்து, தண்ணீர் விடத் தொடங்கியதும் பச்சை மிளகாய், மிளகுதூள், மீன், அரைத் தேசிக்காய்ப் புளி. ஐந்து நிமிட வேலை. மீனிலேயே உப்பு இருக்கிறது, ருசி பார்த்துப் போடுங்கள். சுடுபாணுக்குள் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், கடைப் பணிஸ் எல்லாம் பிறகு எடுபடாது. மீதி இருந்தால் டின்னோடு வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இடியப்பம் வாங்கிய நாளில் முட்டைச் சொதி. கடையில் தருகிற சொதி அநேகமாகத் தண்ணீர்தான், அதை நம்பி இருக்கவேண்டாம். சட்டியில் ஒன்றரைக் கோப்பைத் தண்ணீர், பாதி வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி மஞ்சள், நாலைந்து வெந்தயம், கறிவேப்பிலை, உப்பு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கொதிக்கட்டும். நெருப்பை நன்றாகக் குறைத்து, முட்டையை முதலில் ஒரு கோப்பைக்குள் உடைத்துப் பார்த்து, பிறகு சொதிக்கு மேல் பக்கத்தில் பிடித்து மெல்லச் சரியுங்கள். அடுத்த முட்டையை மற்ற மூலையில். கரண்டியைத் தொடாதீர்கள், தொட்டால் சொதி முழுக்க வெள்ளைத் தும்பாகிவிடும். மூடி வைத்து நாலைந்து நிமிடத்தில் முட்டை இறுகும். அதன்பின் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் மாவைக் கரைத்துச் சட்டி ஓரமாக ஊற்றி, ஓரத்தில் குமிழ் வரும்போது அடுப்பை நிறுத்துங்கள். தேசிக்காய்ப் புளி இறக்கி வைத்த பிறகுதான். அடுப்பில் கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும், ருசி கெடாது, ஆனால் பார்க்கச் சகிக்காது.

மச்சம் கூடாத வீட்டில் சோயா மீட் கை கொடுக்கும். பிடிக்காது என்கிறவர்கள் பலர் அதைச் சரியாகப் பிழியாமல் சாப்பிட்டவர்கள். கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஆறியதும் ஒரு பிடி ஒரு பிடியாக எடுத்து நுரைத்த தண்ணீர் முழுக்கப் போகும்வரை பிழியுங்கள். பச்சைத் தண்ணீரில் இன்னொருமுறை அலசி மறுபடி பிழியுங்கள். அந்தத் தண்ணீரோடுதான் அதன் மணமும் போகிறது. பிறகு எண்ணெயில் வெங்காயம், உள்ளி, ரம்பை வதக்கி, சோயாவைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டி, ஒரு மேசைக்கரண்டி தூளும் ஒரு கோப்பைத் தண்ணீரும் விட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தால் சரி. பைக்கற்றுக்குள் சுவைத்தூள் வந்தால் அதில் உப்பு நிறைய இருக்கும், அதைப் போடுகிற நாளில் தனியாக உப்புப் போடாதீர்கள்.

பச்சையாக ஏதாவது வேண்டுமே என்றால் கங்குன் கீரை. மண் இருக்கும், மூன்று தண்ணீரில் கழுவவேண்டும், அது ஒன்றுதான் கரைச்சல். நன்றாகச் சூடான தாச்சியில் எண்ணெய், உள்ளி, செத்தல் மிளகாய், கங்குன், உப்பு. மூன்று நிமிடம், மூடக்கூடாது.

மிஞ்சியதை என்ன செய்வது? நேற்றைய பாணோ இடியப்பமோ இருந்தால் கொத்து. பாணைச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்து வையுங்கள். கோவா, லீக்ஸ், கரட் எது கிடைக்கிறதோ அதை மெல்லியதாக அரிந்து வெங்காயத்தோடு வதக்கி, ஒரு பக்கம் ஒதுக்கி, வெற்றிடத்தில் இரண்டு முட்டையை உடைத்துக் கிளறி, பாணையும் போட்டு, மேலே நேற்றைய கறியில் நாலு கரண்டி ஊற்றிப் பிரட்டுங்கள். கறியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், மொத்தமாக விட்டால் களியாகிவிடும். என்னைக் கேட்டால் இடியப்பக் கொத்துத்தான் இதில் முதலாம் இடம், பாண் இரண்டாவது.

சோறு மிஞ்சினால் மட்டும் கவனம். அணைத்த குக்கருக்குள் விடியும்வரை விடாதீர்கள். சோற்றில் இருக்கக்கூடிய ஒருவகை பக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை, வெக்கையில் பெருகினால் அது விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையா, அளவாகப் போடுங்கள், அரைக் கோப்பை குறைந்தாலும் பாண் இருக்கிறது.

கறி கைமீறிப் போனாலும் பயப்பட ஒன்றும் இல்லை. உறைப்புக் கூடினால் இன்னும் கொஞ்சம் பால். உப்புக் கூடினால் தண்ணீரும் பாலும் விட்டுக் கறியைப் பெருக்கி, கடைசியில் தேசிக்காய். தண்ணீராய்ப் போனால் மூடியைத் திறந்து வைத்து வற்ற விடுங்கள். பருப்பு அடிப்பிடித்து மணம் வந்துவிட்டால் கிளறவே கூடாது, கிளறினால் கருகல் முழுக்கக் கலந்துவிடும். மேலாக இருப்பதை மட்டும் மெல்ல வேறு சட்டிக்கு மாற்றுங்கள், பழைய சட்டியில் தண்ணீர் விட்டு ஒரு கொதி கொதிக்க வைத்து அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள், காலையில் தேய்த்தால் சுலபமாகப் போகும்.