சாலையோர வியாபாரிகள் புகையிலிருந்தும் இரைச்சலிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்வது எப்படி?

சிக்னல் ஓரத்தில் தள்ளுவண்டி போட்டிருப்பவரும் பஸ் நிறுத்தத்தில் பூ கட்டி விற்பவரும் முகக்கவசம் வாங்குவதற்கு முன்பே கவனிக்க வேண்டியது, தாம் இருக்கும் இடத்தை. வண்டிகள் சீராக ஓடும் இடத்தைவிட, நின்று உறுமிக் கிளம்பும் இடத்தில்தான் புகை அதிகம். சாலை விளிம்பை விட்டு விலக விலக அது வேகமாகக் குறையும். ஆகவே சிக்னலையும் நிறுத்தத்தையும் விட்டுச் சில கடைகள் தள்ளிப் போவதும், நடைபாதையின் உள்பக்கமாக ஒதுங்குவதும் செலவில்லாத பாதுகாப்பு. வியாபாரம் படுத்துவிடுமே என்ற கவலை நியாயமானதுதான். அப்படியானால், பூ கட்டுவது, காய் நறுக்குவது போன்ற வேலைகளையாவது உள்தெருவில் முடித்துக்கொள்ளலாம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதிப்படுத்திவிட்டது.

கைக்குட்டையோ துப்பட்டாவோ நுண்துகள்களைப் பெரிதாகத் தடுக்காது; என்95 கவசம் தடுக்கும், ஆனால் முகத்தோடு படிந்திருக்க வேண்டும். மூக்கின் மேலுள்ள கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திவிடுங்கள். மாலையில் கழற்றும்போது உட்புறத்தில், மூக்கோர விளிம்பில், சாம்பல் நிறக் கோடு தெரிந்தால், காற்று வடிகட்டப்படாமல் அவ்வழியே புகுந்திருக்கிறது என்று பொருள். என்95 கவசத்தைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் வடிகட்டும் திறன் கெடும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை எந்த என்95-ம் நிறுத்தாது என்பதால்தான் இடத்தை முதலில் சொன்னேன்.

கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்குள்ள இரைச்சல் காதைக் கெடுக்கும் அளவை எட்டியிருக்கக்கூடும். இரைச்சலை அளக்கும் அலகான டெசிபலில் சொன்னால், 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். பஞ்சு போன்ற காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, காது மடலை மேல்நோக்கி இழுத்துச் செருகி, அது விரியும்வரை பிடித்திருங்கள். அடைப்பான் போட்டபின் ஹாரன் மங்கலாகவே கேட்கும். எனவே வரும் வண்டிகளைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

கழிப்பறை இல்லையென்று தண்ணீர் குடிக்காமலிருக்கும் பெண்கள் ஏராளம். இதனால் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு கூடும். பக்கத்துக் கடையிலோ கோயிலிலோ முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, சிறுகச் சிறுகக் குடியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், புகைதான் காரணம் என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம்.

இடமாற்றம் தனியொருவரால் ஆகாவிட்டால், 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமைந்த நகர விற்பனைக் குழுவில் மனுக் கொடுங்கள். அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதோர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். முதலில் அவர்களைப் பாருங்கள்.