அமெரிக்க அதிபரின் ஒப்புதல் விகிதத்தை நாமே விரிதாளில் வரைந்து படிப்பது எப்படி?

அமெரிக்கப் படைகள் வெளியேறும்போது ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூல் தாலிபான்களிடம் வீழ்ந்த 2021 ஆகஸ்ட் மாதக் கடைசியில், நண்பர்கள் சிலருக்கு நான் எழுதி அனுப்பும் வாராந்திரக் குறிப்பில், "காபூல் வீழ்ந்தது பைடனின் செல்வாக்கை அசைக்கவே இல்லை" என்று துணிந்து எழுதிவிட்டேன். ஜூலையில் அவருடைய ஒப்புதல் விகிதம் 50 சதவீதம், ஆகஸ்டில் 49 சதவீதம் என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் வெளியிட்டிருந்ததுதான் என் ஆதாரம். செப்டம்பர் மாதக் கணிப்பு 43 என்று வந்ததும், நண்பர் ஒருவர் என் வாக்கியத்தை அப்படியே வெட்டி எனக்கே திருப்பி அனுப்பினார். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் எங்கே தவறினேன் என்று தேடப் போய்த்தான் இந்த விரிதாள் முறை உருவானது.

விரிதாளைத் திறப்பது, கட்டங்களில் வாய்பாடு இடுவது, கோட்டு வரைபடம் செருகுவது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்வியைப் படியுங்கள்

ஒப்புதல் விகிதத்துக்கான கேள்வி ஏறத்தாழ இப்படி இருக்கும்: "அதிபர் தமது பணியைக் கையாளும் விதத்தை நீங்கள் ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா?" அவரைப் பிடிக்குமா என்பதோ, அவருக்கு வாக்களிப்பீர்களா என்பதோ இதில் கேட்கப்படுவதில்லை. பில் கிளின்டன் மீது 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றிய அதே நாட்களில் கேலப் கணிப்பில் அவர் 73 சதவீதம் பெற்றதற்கு, மனிதரையும் அவர் பார்க்கும் வேலையையும் மக்கள் தனித்தனியே எடை போட்டதே காரணம் என்று நினைக்கிறேன். கேள்வியின் சொற்கள் மாறினால் அந்த எண்ணை உங்கள் தாளில் சேர்க்க வேண்டாம்.

படி 2: ஒரே ஒரு நிறுவனத்துடன் தொடங்குங்கள்

தொடக்கத்திலேயே பத்து நிறுவனங்களின் எண்களைக் கொட்டிக் குழப்பிக்கொள்ளாமல், ஒரு நிறுவனத்தின் ஓராண்டுத் தரவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க அதிபர் ஆவணத் திட்டத் தளத்தில், பழைய அதிபர்களுக்கான கேலப் எண்கள் தொடக்க நாள், முடிவு நாள், ஏற்போர், ஏற்காதோர், கருத்தில்லாதோர் என்று ஒழுங்காக அட்டவணையிடப்பட்டுள்ளன. செய்தித்தளங்களின் தலைப்பிலிருந்து எண்களைப் பொறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தலைப்பு எழுதுபவர் "சரிவு" என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார், நாம் தேடும் தேதி அங்கே இருக்காது.

பயிற்சிக்கு 2021ஆம் ஆண்டின் பைடன் வரிசையையே வைத்துக்கொள்வோம். கேலப் கணக்கில் ஜனவரி 57, பிப்ரவரி 56, மார்ச் 54, ஏப்ரல் 57, மே 54, ஜூன் 56, ஜூலை 50, ஆகஸ்ட் 49, செப்டம்பர் 43, அக்டோபர் 42.

படி 3: கேள்வி கேட்கப்பட்ட நாட்கள்

என்னை வீழ்த்திய படி இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கருத்துக்கணிப்பு வெளியாகும் நாள் ஒன்று. மக்களிடம் கேள்வி கேட்கப்பட்ட நாட்கள் வேறு. ஆகஸ்ட் மாதக் கேலப் கணிப்பு ஆகஸ்ட் 2 முதல் 17 வரை நடந்தது. காபூல் வீழ்ந்தது ஆகஸ்ட் 15 அன்று. அதாவது, கேள்வி கேட்ட பதினாறு நாட்களில் பதின்மூன்று நாட்கள் அந்தச் செய்தி பிறப்பதற்கு முன்பே கழிந்துவிட்டன. காபூல் விமான நிலையக் குண்டுவெடிப்பில் 13 அமெரிக்கப் படையினர் இறந்தது ஆகஸ்ட் 26, கடைசி விமானம் புறப்பட்டது ஆகஸ்ட் 30. இவற்றில் எதுவும் அந்த 49 என்ற எண்ணுக்குள் இருக்கவே முடியாது. எண் எனக்குக் கிடைத்த நாளை அது பிறந்த நாளாக நான் எண்ணிக்கொண்டதுதான் தவறு. செப்டம்பர் 1 முதல் 17 வரை நடந்த அடுத்த கணிப்புதான் அந்த நிகழ்ச்சிகளுக்குப் பிந்தைய மனநிலையை முழுமையாகப் பதிவு செய்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரிசையின் முதல் பெரிய இறக்கம் ஜூன் மாத 56க்கும் ஜூலை மாத 50க்கும் இடையே இருக்கிறது. ஜூலைக் கணிப்பு 6 முதல் 21 வரை நடந்தது. அப்போது காபூல் விழவில்லை, டெல்டா வகைக் கொரோனா பரவிக்கொண்டிருந்தது. பைடனின் சரிவு முழுவதையும் ஆப்கானிஸ்தான் கணக்கில் எழுதுபவர்களும், நான் செய்ததைப் போலவே, நெடுவரிசை ஒன்றைத் தவறவிட்டவர்கள்தான்.

ஆகவே தொடக்க நாளுக்கு ஒரு நெடுவரிசை, முடிவு நாளுக்கு ஒன்று, இரண்டின் சராசரியாக நடுநாளுக்கு ஒன்று என மூன்று நெடுவரிசைகள் வையுங்கள். விரிதாளில் தேதி என்பது உள்ளே ஓர் எண்தான் என்பதால் இரண்டையும் கூட்டி 2ஆல் வகுக்கும் வாய்பாடு நேரடியாகவே வேலை செய்யும். வரைபடத்தின் கிடை அச்சில் நடுநாளை மட்டும் பயன்படுத்துங்கள். வெளியீட்டு நாளுக்குத் தாளில் இடமே தர வேண்டாம்.

பின்சேர்க்கை: இந்தப் படியைச் செய்து பார்த்த வாசகர்கள் இருவர், நடுநாள் கட்டத்தில் பிழைச் செய்தி வருவதாக எழுதியிருந்தார்கள். காரணம் தேதி எழுதும் வழக்கு. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். நம் கணினி இந்திய அமைப்பில் இருந்தால், 8/2/2021 என்பதைப் பிப்ரவரி 8 என்று எடுத்துக்கொள்ளும். 8/17/2021 என்பதைப் பதினேழாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்பது எழுத்து, வலப்பக்கம் ஒட்டி நிற்பது தேதி என்பது எளிய அடையாளம். பிழைச் செய்தி வந்தால் நல்லது என்றே சொல்வேன். இரண்டு நாட்களும் 12ஐத் தாண்டாதபோது எந்தச் செய்தியும் வராமல் தாள் முழுவதும் அமைதியாகத் தவறிப்போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே கூகுள் ஷீட்ஸைவிட லிப்ரே ஆபிஸ் கால்க்கை நான் விரும்புகிறேன்: கோப்பை உள்ளே கொண்டுவரும்போதே, இந்த நெடுவரிசையின் தேதி மாதம்-நாள்-ஆண்டு என்ற வரிசையில் உள்ளது என்று அதனிடம் சொல்லிவிடலாம். ஷீட்ஸில்தான் செய்வேன் என்பவர்கள், கோப்பு அமைப்புகளில் வட்டாரத்தை அமெரிக்கா என்று மாற்றிவிட்டுப் பிறகு தரவை ஒட்டுங்கள்.

படி 4: யாரிடம் கேட்டார்கள்?

வயது வந்தோர் அனைவரிடமும் கேட்பது ஒரு வகை, பதிவு செய்த வாக்காளர்களிடம் மட்டும் கேட்பது இன்னொரு வகை, தேர்தலில் வாக்களிக்கக்கூடியவர்கள் என்று வடிகட்டியவர்களிடம் கேட்பது மூன்றாம் வகை. 2025 வரை ஒப்புதல் விகிதத்தை அளந்துவந்த கேலப் முதல் வகை. ராஸ்முசென் என்ற கணிப்பு நிறுவனம் மூன்றாம் வகை. இவற்றைத் தனி நெடுவரிசையில் குறித்து வையுங்கள். வகை மாறினால் அதே கோட்டில் இணைக்காதீர்கள்.

படி 5: அசைவு உண்மையா என்று பாருங்கள்

கணிப்பு எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்று சொல்வது பிழை வரம்பு. அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 98ஐ மாதிரியில் உள்ளோர், அதாவது கேள்வி கேட்கப்பட்டோர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். ஆயிரம் பேர் என்றால் ஏறத்தாழ 3.1, நானூறு பேர் என்றால் 4.9. நிறுவனங்கள் அறிவிக்கும் வரம்பு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வயது, கல்வி, இனம் போன்றவற்றுக்கு ஏற்ப மாதிரிக்கு எடையிடும்போது (குறைவாக வந்த பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் மதிப்புத் தரும்போது) துல்லியம் சிறிது குறைவதே அதற்குக் காரணம். கேலப் தன் ஆயிரம் பேர் மாதிரிக்குக் கூட்டியோ குறைத்தோ 4 புள்ளி என்றே அறிவிப்பது வழக்கம். அறிவிக்கப்பட்ட வரம்பு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இங்கே பலர் இடறும் இடம், அந்த 4 புள்ளி ஒரு கணிப்புக்கு உரியது என்பதை மறப்பதுதான். இரண்டு கணிப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சோதிக்க அதை 1.4ஆல் பெருக்க வேண்டும். அதாவது சுமார் 5.6. இப்போது நம் வரிசைக்குத் திரும்புங்கள். 50இலிருந்து 49 என்பது ஒன்றுமே இல்லை. 49இலிருந்து 43 என்பது ஆறு புள்ளி. வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது. அக்டோபரில் 42 என்று வந்த பிறகுதான் அந்த இறக்கத்தை முழுமையாக நம்பலாம். ஏற்போரிலிருந்து ஏற்காதோரைக் கழித்து வரும் நிகர எண்ணை ஊடகங்கள் மிகவும் விரும்புகின்றன. அதில் ஒரே கணிப்பின் பிழை வரம்பே கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பதால் நான் அதை வரைவதில்லை.

"முப்பது கோடிப் பேருக்கு மேல் வாழும் நாட்டில் ஆயிரம் பேர் போதுமா?" என்று கேட்டவர்களுக்காக ஒரு பழைய கதை. 1936 தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். இதழின் பட்டியல் பெருமளவு தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது. பதில் அனுப்ப அக்கறை காட்டியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ரூஸ்வெல்ட் வெற்றியைச் சரியாகச் சொன்னவர் ஜார்ஜ் கேலப். குழம்பை நன்றாகக் கலக்கியிருந்தால் ஒரு கரண்டி போதும். கலக்காவிட்டால் அண்டாவையே குடித்தாலும் உப்பு தெரியாது.

ஆனால் இன்று கலக்குவதே கடினமாகிவிட்டது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்குப் பதில் தருவோர் 1997இல் 36 சதவீதமாக இருந்து 2018இல் 6 சதவீதமாகக் குறைந்தனர். பதில் சொல்லாதவர்களால் வரும் பிழை, நாம் மேலே போட்ட கணக்கில் சேராது. தேர்தல் கணிப்பையாவது வாக்கு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். ஒப்புதல் விகிதத்துக்கு அப்படி எண்ணிப் பார்க்கும் நாள் எதுவும் கிடையாது. ஆகவே அளவைவிடத் திசையையே நான் பெரிதும் நம்புகிறேன்.

படி 6: இரண்டாவது நிறுவனத்தைச் சேர்ப்பது

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நிலையான சாய்வு உண்டு. கேட்கும் ஆட்கள், கேட்கும் வழி, "தெரியாது" என்ற பதிலைக் கையாளும் விதம் எல்லாம் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அதற்குக் கள்ளத்தனம் தேவையில்லை. பயிற்சிக்காக நானே இட்ட எண்களில் பாருங்கள். முதல் வாரம் ஒரு நிறுவனம் 44, இன்னொன்று 48, சராசரி 46. இரண்டாம் வாரம் முதல் நிறுவனம் எதுவும் வெளியிடவில்லை, இரண்டாவது மறுபடியும் 48 என்கிறது. உங்கள் சராசரி 48 ஆகிவிடும். யாருடைய மனமும் மாறாமலே அதிபருக்கு இரண்டு புள்ளி ஏறிவிட்டது!

மருந்து எளிது. இரண்டும் வெளிவந்த வாரங்களை வைத்து, ஒவ்வொரு நிறுவனமும் பொதுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கண்டு, அந்த விலகலைக் கழித்துவிட்டுப் பிறகு சராசரி எடுங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் இரண்டாவது நிறுவனத்தின் விலகல் 2. 48இலிருந்து அதைக் கழித்தால் 46, கோடு அசையவில்லை. பல நிறுவனங்களின் கணிப்புகளைத் தொகுக்கும் ரியல்கிளியர்பாலிடிக்ஸ் தளம் எளிய சராசரியோடு நின்றுவிடுகிறது என்பதால் அதன் சிறு ஏற்ற இறக்கங்களை நான் பொருட்படுத்துவதில்லை. இந்தச் சாய்வைத் திருத்திக் காட்டிவந்த ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் 2025 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. அதைத் தொடங்கிய நேட் சில்வர் தம் சொந்தத் தளத்தில் அதே வகைக் கணக்கைத் தொடர்கிறார். நீங்கள் போட்ட கோட்டை அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி.

நாள்தோறும் வெளியாகும் தொடர் கணிப்புகளில் இன்று கேட்டவர்களில் பெரும்பகுதி நேற்றைய எண்ணிலும் இருப்பார்கள். அவற்றிலிருந்து வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

படி 7: அச்சின் அளவு

விரிதாள் தானாகத் தேர்ந்தெடுக்கும் செங்குத்து அச்சை ஏற்காதீர்கள். எண்கள் 42க்கும் 44க்கும் இடையில் இருந்தால் அது அச்சையும் அதற்குள் சுருக்கி, ஒரு புள்ளி அசைவை மலைச்சரிவாகக் காட்டிவிடும். நான் எப்போதும் 20இலிருந்து 95 வரை கையால் இட்டுவிடுகிறேன். கேலப் வரலாற்றில் மிகத் தாழ்ந்த எண் 1952 பிப்ரவரியில் ட்ரூமன் பெற்ற 22, மிக உயர்ந்தது 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் இளைய புஷ் பெற்ற 90. இரண்டும் இதற்குள் அடங்கிவிடும். தாக்குதலுக்கு முந்தைய கணிப்பில் புஷ் பெற்றிருந்தது 51 என்பதையும் சேர்த்து வரைந்து பாருங்கள். உண்மையான பாய்ச்சல் எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும்.

மற்றொரு பின்சேர்க்கை: கட்சி சாராதோர் மட்டும் எப்படி மாறினார்கள் என்று தனிக் கோடு போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆயிரம் பேரில் அவர்கள் முந்நூறு பேர் என்றால் பிழை வரம்பு 5.7 ஆகிறது, இரண்டு கணிப்புகளுக்கு இடையே எட்டுப் புள்ளி நகர்ந்தால்தான் பேசவே தொடங்கலாம். மூன்று மாத எண்களைச் சேர்த்துச் சராசரி எடுத்த பிறகு போடுங்கள்.

இந்தத் தாள் கைக்கு வந்ததும் மூத்த புஷ்ஷின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாப் போர் முடிந்த 1991 பிப்ரவரி 28 முதல் மார்ச் 3 வரை நடந்த கணிப்பில் 89; 1992 ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 2 வரை நடந்ததில் 29. இடையில் உள்ள கணிப்புகளையெல்லாம் நடுநாளோடு நிரப்பி, அறுபது புள்ளிகளும் ஒரேயடியாக விழுந்தனவா, மாதம் மாதமாகக் கரைந்தனவா என்று வரைந்து பாருங்கள். தேதிகளை உள்ளே கொண்டுவரும்போது மாதம் முதலில் இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.