வந்த வழியிலேயே விசாரிக்காதீர்கள்

"இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும், போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, உடனே இந்த நம்பரில் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்." இப்படி ஒரு மெசேஜ் சென்னையில் சில வருஷங்களாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. பில்லை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்கூட இதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் ஆடிப்போகிறார்கள், மே மாத ராத்திரியில் ஃபேன் நின்றால் என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு உடனே சந்தேகம் வருகிறது. வந்ததும் அந்த மெசேஜில் இருக்கும் நம்பருக்கே போன் போட்டு, "இது நிஜமா சார்?" என்று கேட்கிறார்கள்.

இணையத்தில் நாம் செய்யும் தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, சந்தேகத்துக்குரிய ஆளிடமே போய் நிற்கிறோம்.

அந்த மெசேஜைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தாலே குட்டு உடைந்துவிடும். இங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங் எடுக்கிறார்கள், அப்புறம் எங்கிருந்து வந்தது போன மாத பில்? உங்கள் மின் இணைப்பு எண்ணும் பெரும்பாலும் அதில் இருக்காது, அனுப்பியவனுக்கு அது தெரியாது. கேட்க வேண்டும் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் இருக்கிறது, 94987 94987. மெசேஜில் இருக்கும் நம்பருக்குப் போனால் எதிர்முனையில் இருப்பவர் ரொம்ப மரியாதையாகப் பேசுவார், பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள் சார் என்பார், அதற்கு முன் ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார். அது உங்கள் போன் திரையை அவருக்குக் காட்டும் ஆப். அதற்கப்புறம் நீங்கள் தட்டும் கார்டு நம்பர், வரும் ஓடிபி எல்லாம் அவர் கண்ணெதிரே. எனிடெஸ்க் என்ற ஆப்பை வைத்து இப்படி மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. அந்த ஆப் கெட்ட ஆப் இல்லை, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர்கள் நியாயமாகப் பயன்படுத்துவதுதான். முகம் தெரியாதவன் சொல்லி அதை இறக்குவதுதான் வினை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைலும், அதாவது தட்டினால் போனில் ஆப்பாக ஏறிக்கொள்ளும் ஃபைலும், இதே கதைதான், தொடவே வேண்டாம்.

சரி, மெசேஜில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டோம், கூகுளில் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடிக்கொள்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். அங்கேயும் கவனம் தேவை. தேடியதும் மேலே வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம், யாரோ ஒருவர் தன் நம்பரைப் பெரிய கம்பெனி நம்பர் மாதிரி எழுதி வைத்திருக்கலாம். வங்கி என்றால் கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறது, வங்கியின் ஆப்புக்குள் இருக்கிறது. ஃபிரிட்ஜ் என்றால் வாரன்டி கார்டு. ஏற்கனவே உங்கள் கையில் இருக்கும் காகிதத்தை நம்புங்கள். அப்புறம், பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பணம் அனுப்பப் போகிறேன், பின் நம்பரைத் தட்டுங்கள் என்று ஓஎல்எக்ஸில் உங்கள் பழைய சோபாவை வாங்க வருகிறவர் சொன்னால் போனை வைத்துவிடலாம்.

வெப்சைட்டின் முகத்தைப் பார்த்து நம்புவது இன்னொரு தவறு. பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று பல வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பூட்டு சொன்னது ஒன்றே ஒன்று, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது. தளத்தை நடத்துகிறவன் நல்லவனா என்று அதற்குத் தெரியாது, திருடனும் பூட்டு வாங்கலாம். மக்கள் இதைத் தப்பாகவே புரிந்துகொண்டதால் 2023-ல் குரோம் பிரவுசர் முகவரிப் பட்டையிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. பார்க்க வேண்டியது முகவரியை. அதில் முதல் ஒற்றைச் சாய்கோடு வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிந்தால் அரசுத் தளம். அதே எழுத்துகள் நடுவில் எங்கோ வந்து, கடைசியில் 'டாட் டாப்', 'டாட் எக்ஸ்ஒய்இசட்' என்று ஏதோ ஒன்றில் முடிந்தால் அதற்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை. இந்திய வங்கிகளும் 2025 அக்டோபருக்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது, அதனால் வங்கித் தளத்தைக் கண்டுபிடிப்பது இப்போது முன்பைவிடச் சுலபம்.

பணம் பறிபோவது மட்டுமே ஆபத்து என்று நினைக்கக் கூடாது, செய்தி விஷயத்திலும் இதே தவறுதான் நடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே தவித்துக்கொண்டிருந்தபோது, ஈசிஆரில் இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு ஃபார்வர்டு, நாசாவே இன்னும் பயங்கர மழை வரும் என்று சொல்லிவிட்டது என்று இன்னொன்று. இரண்டும் பொய். முதலைப் பண்ணையே மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறவருக்கு அந்தப் பயம் பொய்யாகவா இருந்திருக்கும்? இப்போதும் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்று எங்கிருந்தோ ஒரு ஆடியோ வந்துவிடுகிறது. அபார்ட்மென்ட் குரூப், ஆபீஸ் குரூப், ஸ்கூல் குரூப் மூன்றிலும் அதே ஆடியோ வந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று மனசு கணக்குப் போடுகிறது. மூன்று குரூப்பிலும் போட்டது ஒரே ஃபார்வர்டு, மூன்று சாட்சி இல்லை. மழைக்கு நுங்கம்பாக்கம் வானிலை மையம், தண்ணீர் புகுந்தால் மாநகராட்சியின் 1913. வீடியோ என்றால் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள், பழைய படமாக இருந்தால் பல நேரம் முன்பு வந்த இடம் கிடைத்துவிடும்.

2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரத்தில், சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தை போளூர் பக்கத்தில் ஊரார் அடித்தார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மா இறந்துபோனார். அந்த ஃபார்வர்டை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஊரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அனுப்பி வைக்கும் பழக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

தகவலை எடைபோடுவதில் படிப்பும் தானாகக் கைகொடுத்துவிடாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பிஎச்டி முடித்த வரலாற்றாசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் என 45 பேரிடம் சில தளங்களைக் கொடுத்து எதை நம்பலாம் என்று கேட்டார்கள். வரலாற்றாசிரியர்களில் பலரும் மாணவர்களும் கொடுத்த பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்தார்கள், லோகோ அழகாக இருக்கிறதா, அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஏமாந்தார்கள். உண்மை சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை, உடனே புது டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். சீக்கிரமாகவும் சரியாகவும் முடித்தது அவர்கள்தான்.

தேடும்போது பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துத் தேடாதீர்கள். 'கருஞ்சீரகத்தால் சுகர் குணமாகும்' என்று தட்டினால் அப்படிச் சொல்லும் வீடியோக்களே வரிசை கட்டும். ஏஐ சாட்பாட்டிடம் கேட்டாலும் அதன் பதில் தவறாக இருக்கலாம், சரியான பதில் போலவே தெளிவாக எழுதியிருக்கும், மருந்து விஷயத்தில் அதை மட்டும் நம்புவது ஆபத்து.

ரிட்டயர் ஆன அப்பா, அம்மா தனியாக இருக்கும் வீடுகளுக்கு ஒரு விஷயம். 'டிஜிட்டல் அரெஸ்ட்', அதாவது வீடியோ காலிலேயே கைது, என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது, பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைச் சொன்னார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், சிபிஐயிலிருந்து பேசுகிறோம் என்று வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வருகிறவன் முதலில் போடும் கட்டளை, போனைக் கட் பண்ணாதே, யாரிடமும் சொல்லாதே. நீங்கள் வேறு யாரையாவது கேட்டுவிட்டால் அவன் கதை முடிந்தது, அதனால்தான் அந்தக் கெடுபிடி. மகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஒரு போன் போட்டால் போதும்.

பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, அப்புறம் வங்கி. அந்தப் பணம் கைமாறி எடுக்கப்படுவதற்கு முன் நிறுத்தி வைக்க முயல்வார்கள், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். மெசேஜையும் கால் பதிவையும் அழிக்காதீர்கள், பணம் போன பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள். வீட்டில் இப்படி நடந்தால் பெரியவர்களைத் திட்டாதீர்கள் தயவுசெய்து, திட்டுக்குப் பயந்து இரண்டு நாள் மறைத்து வைக்கிறார்கள், அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிவிடுகிறது. புகார் கொடுத்த பிறகு, உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், ஒரு சின்னக் கட்டணம் மட்டும் என்று புதிதாக ஒருவர் அழைப்பார். 1930-ல் புகார் கொடுக்கப் பைசா வாங்க மாட்டார்கள். அழைத்தவர் கட்டணம் கேட்டால் அவரும் அந்தக் கூட்டம்தான், அந்த நம்பரையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.