முதல் முறையாக உதவி கேட்கப் போகிறவர்களுக்கு: எங்கிருந்து தொடங்குவது?

வருமானம் போதாதபோது முதலில் கடன் வாங்குகிறோம். பிறகு சாப்பாட்டைக் குறைக்கிறோம். சமூக உதவி மையங்கள் கடைசியில்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கூச்சம் வேண்டாம். உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், தேவையான சமூக சேவைகள் ஆகியவை ஒவ்வொருவருக்கும் உரியவை என்று 1948-இல் ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆவது பிரிவு சொல்கிறது.

படி 1: தேவைகளைத் தேதியோடு எழுதுங்கள்

மின் இணைப்பைத் துண்டிக்கும் நாள், வாடகைக் கெடு, மருந்து தீரும் நாள், குழந்தையின் பால் பவுடர் எத்தனை நாளுக்கு வரும் என்பது என எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். மிக அருகில் இருக்கும் தேதிதான் உங்கள் முதல் வேலை. “ரொம்பக் கஷ்டம்” என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. “வியாழக்கிழமை மின் இணைப்பைத் துண்டிக்கப் போகிறார்கள், இதோ நோட்டீஸ்” என்றால், அவசர உதவிக்கு வழி இருக்கிறதா என்று அவர் உடனே பார்க்க முடியும். துண்டிப்பதற்கு முன்பே மின் அலுவலகத்தில் தவணை கேளுங்கள். துண்டித்த பிறகு போனால், மறு இணைப்புக் கட்டணமும் சேர்ந்துகொள்ளலாம்.

படி 2: ஒரு கோப்பு தயாரியுங்கள்

அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்கான ஆதாரம் ஆகிய ஒவ்வொன்றிலும் இரண்டு நகல்கள் எடுத்து வையுங்கள். அசலைக் காட்டலாம், ஆனால் விட்டுவிட்டு வராதீர்கள். தினக்கூலிக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. வேலை கொடுப்பவரின் கடிதமோ, நீங்களே கையெழுத்திட்ட உறுதிமொழியோ போதுமா என்று கேளுங்கள். காகிதம் இல்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். முதல் முறை எதுவும் கேட்காமலேயே உணவு தரும் இடங்கள் உண்டு.

படி 3: எந்தக் கதவு?

உள்ளாட்சி அல்லது சமூக நலத்துறை அலுவலகத்தில் தொடங்கலாம். மருந்துச் செலவு என்றால், மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பிள்ளைகளின் தேவை என்றால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பொது நூலகத்தில் விண்ணப்பம் நிரப்பவும் உதவி கிடைக்கலாம்.

உணவு வங்கி பற்றி ஒரு விளக்கம். முதல் உணவு வங்கி 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. மிஞ்சும் உணவைச் சேகரித்து, சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் பெரும்பாலான உணவு வங்கிகளின் வேலை. அதனால் நேராகக் கிடங்குக்குப் போய் நிற்காமல், உங்கள் பகுதிக்கான விநியோக மையம் எது, எந்தக் கிழமையில் தருகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: “இல்லை” என்று சொன்னால்

பலர் மனம் உடைந்து திரும்புவது இந்த இடத்தில்தான். ஆனால் “ஒரு சான்று குறைகிறது” என்பதும் “உங்களுக்குத் தகுதி இல்லை” என்பதும் வேறு வேறு. இரண்டில் எது என்று அங்கேயே கேளுங்கள். மறுப்பை, காரணத்தோடு, எழுத்தில் தரச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் கெடு பெரும்பாலும் குறுகியது. கிளம்பும் முன் இன்னொரு கேள்வி: “எங்களைப் போன்ற குடும்பத்துக்கு உதவும் வேறு இடம் எது?” இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த மேசையை விட்டும் எழுந்திருக்காதீர்கள். தேதி, பேசியவர் பெயர், சொன்ன பதில் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால், அடுத்த முறை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

உதவி வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரையும், போனில் வரும் ரகசிய எண்ணைக் கேட்பவரையும் அண்டவிடாதீர்கள்.

படி 5: கிடைத்த பிறகு

எந்தத் தேதி வரை கிடைக்கும், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று அன்றே கேட்டு எழுதிவையுங்கள். வீடோ போன் எண்ணோ மாறினால் உடனே தெரிவியுங்கள். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பதில் வராத காரணத்தாலேயே உதவி நின்றுவிடக்கூடும்.